வெப்பத்தின் வழி கண்டவர்

பனங்காட்டு அடுப்பு

இராமநாதபுரம் மாவட்டத்தில், கடற்கரைக்கு அணித்தாய் அமைந்த ஊர் கடலாடி. அவ்வூரையும் அதனை அடுத்த சாயல்குடியையும் சூழ்ந்துள்ள நிலம் வானம் பார்த்த நிலம். அந்நிலத்து மக்கள் பலருக்குப் பனையே செல்வம். பனங்காலம் வந்துவிட்டால், விடியற்பொழுதில் ஆடவர் இறக்கிவரும் பதநீரைப் பெண்டிர் வாயகன்ற கலங்களில் ஊற்றிக் காய்ச்சத் தொடங்குவர். பதநீர் கொதித்து, நீர் வற்றிப் பாகாய் இறுகி, சிரட்டைகளில் வார்க்கப்பட்டுக் கருப்பட்டியாக மாறுவதற்கு நெடும்பொழுது ஆகும். அதுவரை அடுப்பு அணைதல் கூடாது. ஓலையும் மட்டையும் முள்விறகும் மேன்மேலும் இடப்படும். புகை கண்ணைக் கரிக்கும்; வெம்மை முகத்தைச் சுடும்.

இவ்வாறு எரியும் விறகின் வெப்பம் முழுவதும் பதநீரைச் சென்று சேர்கின்றதா? இல்லை. அதில் ஒரு சிறு பங்கே கலத்தினுள் புகுகின்றது. பெரும்பங்கு காற்றோடும் புகையோடும் கலந்து வானை அடைகின்றது. எஞ்சியது அடுப்பின் முன் அமர்ந்திருப்பவரை வாட்டுகின்றது. குளிப்பதற்கு வெந்நீர் வைக்கும் திறந்த அடுப்பின் நிலையும் இதுவே. செல்வர்க்கு விறகு ஒரு பொருட்டன்று. காட்டில் முள் வெட்டிச் சுமந்து வரும் ஏழைக்கோ அஃது அரைநாள் உழைப்பு. ஆதலின், வீணாகும் வெப்பம் ஏழையின் உழைப்பே ஆகும்.

இவ்வுண்மையை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே உணர்ந்தவர் ஒருவர் உண்டு. வெப்பம் எவ்வாறு பிறக்கின்றது, எவ்வழியே செல்கின்றது, எங்ஙனம் அதனைக் காத்துப் பயன் கொள்ளலாம் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை தேடுவதிலேயே அவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டார். அவரே இரம்போர்டுக் கோமகன் எனப் புகழ்பெற்ற பெஞ்சமின் தாம்சன்.

பிறப்பும் இளமையும்

பெஞ்சமின் தாம்சன் 1753ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 26ஆம் நாள், அமெரிக்காவில் மாசச்சூசெட்சு நாட்டைச் சேர்ந்த ஊபர்ன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அந்நாளில் அந்நாடு ஆங்கிலேயரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அவர்தம் குடும்பம் உழவுத் தொழிலை மேற்கொண்டது. குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னரே தந்தையார் இறந்தார். தாயார் மறுமணம் செய்துகொண்டார். தந்தையின் அரவணைப்பை அறியாமலே பெஞ்சமின் வளர்ந்தார்.

பதின்மூன்றாம் வயதில் அவரைச் சேலம் என்னும் துறைமுகப் பட்டினத்தில் ஒரு வணிகரின் கடையில் வேலை பழக விட்டனர். நம் நாட்டுச் சேலம் வேறு, இச்சேலம் வேறு. அவருடைய கைகள் துணியை அளந்தன. உள்ளமோ எந்திரங்களையும் கணக்கையும் நாடிற்று. 1766ஆம் ஆண்டு, மக்கள் வெறுத்த முத்திரை வரியை ஆங்கில அரசு நீக்கியது. அம்மகிழ்ச்சியைக் கொண்டாட எண்ணிய சிறுவர் தாமே வாணவெடி செய்ய முற்பட்டார். மருந்து இடிபடும்பொழுதே வெடித்தது. உடல் வெந்து பல நாள் படுக்கையில் கிடந்தார். வெப்பத்தை ஆராய்ந்து புகழ்பெற வேண்டியவருக்கு வெப்பம் அளித்த முதற்பாடம் அது.

கல்லூரியில் முறையாகச் சேர்ந்து பயில அவருக்குப் பொருள் இல்லை. ஆயினும், நண்பர் ஒருவரோடு ஊபர்னிலிருந்து கேம்பிரிட்சு வரை பல கல் தொலைவு நடந்து சென்று, ஆர்வர்டுக் கல்லூரியில் நடந்த அறிவியல் சொற்பொழிவுகளைக் கேட்டுத் திரும்புவார். கேட்டதை வீட்டில் தம் கையாலேயே செய்து பார்ப்பார். பிறர் கூறக் கேட்டதனோடு அமையாது, தாமே செய்து கண்டு தெளியும் இவ்வியல்பு இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

பின்னர் அவர் காங்கார்டு என்னும் ஊருக்கு ஆசிரியராகச் சென்றார். அவ்வூரின் பழம்பெயர் இரம்போர்டு என்பது. அங்கே 1772ஆம் ஆண்டு, தம்மினும் வயதில் மூத்த செல்வக் கைம்பெண் ஒருவரை மணந்தார். பத்தொன்பது வயது இளைஞரை வறுமை விட்டு நீங்கியது. உயர்ந்தோர் நட்பும் வாய்த்தது.

நாடு நீங்கிய கதை

அக்காலத்தில் அமெரிக்க மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். தாம்சனோ ஆங்கில ஆட்சியின் சார்பினராக நின்றார். ஊரார் அவர்மீது ஐயங்கொண்டு சினந்தனர். 1774ஆம் ஆண்டு அவர் மனைவியையும் பிறந்து சில வாரங்களே ஆகியிருந்த மகள் சாராவையும் விட்டு ஊரைவிட்டு ஓடினார். அடுத்த ஆண்டில் தம் நாட்டவர் படையின் செய்திகளைக் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதி ஆங்கிலேயருக்கு அனுப்பினார். 1776இல் இங்கிலாந்து சென்றடைந்தார். மனைவியை அவர் மீண்டும் கண்டாரல்லர். மகளைக் கண்டதும் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே.

இச்செயலை அவருடைய புகழ்ச்சிக்குரிய செயல்களுள் வைத்து எண்ணுதற்கில்லை. மறைத்தற்கும் இல்லை. ஒருவர் பேரறிஞராய் இருந்தமையால் அவர் செய்தன எல்லாம் நல்லனவாகிவிடா. குணமும் குற்றமும் இரண்டும் ஆராய்ந்து, மிக்கதனைக் கொள்வதே வரலாறு கற்பதன் பயன்.

இங்கிலாந்தில் அவர் விரைந்து உயர்ந்தார். அரசியல் அலுவலில் அமர்ந்தார். துப்பாக்கி மருந்தின் ஆற்றலைப் பற்றி ஆய்வு செய்து, 1779இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1784இல் மன்னர் அவருக்கு வீரர் பட்டம் வழங்கினார். அவ்வாண்டிலேயே செருமானிய நாடுகளுள் ஒன்றாகிய பவேரியாவின் ஆட்சியாளர் கார்ல் தியோடர் அவரைத் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார்.

முனிச்சு நகரில் ஆற்றிய தொண்டு

பவேரியாவின் தலைநகர் முனிச்சு. அந்நகரத் தெருக்களில் அந்நாளில் இரவலர் கூட்டம் பெருகியிருந்தது. குளிர்காலத்தில் பனி கொட்டும். கந்தல் உடுத்தோர் வீட்டு வாயில்களில் நடுங்கி நிற்பர். பலர் இரந்தனர்; சிலர் அச்சுறுத்திப் பறிக்கவும் செய்தனர். நாட்டின் போர்வீரர்க்கோ நல்லுடை இல்லை. தாம்சன் இவ்விரு குறைகளையும் ஒருங்கே நோக்கினார். ஒன்றன் குறையைக் கொண்டே மற்றொன்றன் குறையைத் தீர்க்க வழி கண்டார்.

1790ஆம் ஆண்டு சனவரித் திங்கள் முதல் நாள், படைவீரரும் நகர அலுவலரும் தெருக்களிலிருந்த இரவலர் அனைவரையும் திரட்டத் தொடங்கினர். முதல் இரவலரைத் தாம்சன் தாமே கைப்பற்றி அழைத்துச் சென்றார். அவர்களைச் சிறையில் அடைக்கவில்லை. தொழில் இல்லம் ஒன்றை அமைத்து, அங்கு வருமாறு பணித்தார். அவ்வில்லத்து அறைகள் வெம்மையாய் இருந்தன. உச்சிவேளையில் சூடான உணவு கிடைத்தது. நூற்கவும் நெய்யவும் தைக்கவும் கற்பித்தனர். செய்த வேலைக்குக் கூலியும் அளித்தனர். அவர்கள் செய்த உடைகளைப் போர்வீரர் உடுத்தனர். மக்களை முதலில் நல்லவராக்கிப் பின் இன்பம் அளிப்பது என்னும் முறையை மாற்றி, முதலில் வயிறும் உடலும் குளிர் நீங்கச் செய்தால் நற்பண்பு தானே வரும் என்று அவர் நம்பினார்.

ஆயிரக்கணக்கானோர்க்கு நாள்தோறும் உணவு சமைக்க வேண்டுமாயின் விறகுச் செலவு எத்துணை! இங்கேதான் தாம்சனின் ஆராய்ச்சி அடுக்களையினுள் புகுந்தது. திறந்த அடுப்பை அவர் நீக்கினார். செங்கல்லால் மூடிய அடுப்பு அமைத்து, அதனுள் கலத்தைப் பதித்தார். நெருப்பை இரும்புச் சல்லடையின்மேல் வைத்துக் கீழிருந்து காற்று புகச் செய்தார். காற்றைக் கூட்டவும் குறைக்கவும் சிறு கதவுகள் வைத்தார். புகை நேரே வெளியேறாமல் கலத்தைச் சுற்றிச் சென்று, தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டே போக வழி செய்தார். வாற்கோதுமை, பட்டாணி, உருளைக்கிழங்கு முதலிய மலிவான பொருள்களை நெடுநேரம் வேகவைத்து அவர் ஆக்குவித்த கஞ்சி, பின்னர் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் ஏழையர்க்கு உணவாயிற்று.

கடும் உழைப்பால் அவர் ஒருகால் நோயுற்றுக் கிடந்தார். அப்பொழுது தொழில் இல்லத்து ஏழையர் யாரும் ஏவாமலே ஒன்றுகூடி ஊர்வலமாய்த் தேவாலயம் சென்று, அவர் நலம்பெற வேண்டி வழிபட்டனர். பல பட்டங்களைப் பெற்ற அவருக்கு இதனினும் பெரிய பரிசு கிடைத்ததில்லை.

பவேரிய ஆட்சியாளர் அவருக்குக் கோமகன் என்னும் பட்டம் அளித்தார். எப்பெயரோடு பட்டத்தைச் சேர்ப்பது என்று எண்ணியபொழுது, அவர் உள்ளம் தாம் துறந்து வந்த அமெரிக்க ஊரை நாடிற்று. காங்கார்டின் பழம்பெயரையே ஏற்று, இரம்போர்டுக் கோமகன் ஆனார்.

நீருள் ஓடும் நீர்

ஒரு கலத்தில் நீரை ஊற்றி அடியில் தீ மூட்டினால் நீர் முழுவதும் சூடாகின்றது. இதனை எல்லோரும் நாள்தோறும் காண்கின்றோம். எப்படிச் சூடாகின்றது என்று எண்ணினோர் மிகச் சிலர். இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தீயில் வைத்தால் மறுமுனை சுடுவதுபோல நீரும் வெப்பத்தைக் கைக்குக் கை கடத்துகின்றது என்றே அறிஞரும் கருதியிருந்தனர்.

இரம்போர்டின் ஐயம் உணவுத் தட்டில் தோன்றியது. வெந்த ஆப்பிட் பழக்கூழும் கெட்டியான அரிசிக் கஞ்சியும் நெடுநேரம் ஆறாமல் இருந்து வாயைச் சுட்டன. தெளிந்த நீரோ விரைவில் ஆறிவிடுகின்றது. கூழிலும் கஞ்சியிலும் இருப்பதும் பெரும்பாலும் நீரே அன்றோ? அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எதனால் வந்தது?

உடல்நலம் கருதி இத்தாலி நாட்டில் தங்கியிருந்தபொழுது, நேப்பிள்சு நகருக்கு அணித்தான பாயே என்னும் கடற்கரையில் அவர் மற்றொரு புதுமையைக் கண்டார். நிலத்தடி நெருப்பால் அக்கரையின் மணலிலிருந்து ஆவி எழுந்தது. கடலலை வந்து தழுவும் இடத்தில் நீர் குளிர்ந்தே இருந்தது. அந்நீருள் கைவிட்டு மணலைச் சில விரற்கடை தோண்டினால், பொறுக்க இயலாத சூடு இருந்தது. மணல் தடுத்து நிறுத்தியதால் அடியிலுள்ள சூடான நீர் மேலேற இயலவில்லை. அதனால் சூடும் மேலே வரவில்லை. உச்சிப்பொழுதில் நம் கடற்கரை மணலில் நடப்போர், மேல்மணல் காலைச் சுட, சிறிது தோண்டினால் அடிமணல் குளிர்ந்திருத்தலை அறிவர். பாயேயில் இதற்கு மாறாக இருந்தது என்பதே வேறுபாடு. மணலினூடே வெப்பம் எளிதில் செல்லாது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

பிறிதொரு நாள், எரிசாராயம் நிரப்பிய பெரிய வெப்பமானி ஒன்றைச் சூடேற்றி, ஆறுவதற்காகச் சாளரத்தில் வைத்திருந்தார். கதிரவன் ஒளி அதன்மேல் விழுந்தது. உள்ளே சிறு தூசுகள் ஓடிக்கொண்டிருப்பது தெரிந்தது. உற்றுநோக்கினார். நடுவிலிருந்த தூசுகள் மேலேறின; கண்ணாடிச் சுவரை ஒட்டியவை கீழிறங்கின. சாராயம் முழுவதும் தனக்குள்ளேயே ஓர் ஆறாய் ஓடிக்கொண்டிருந்தது! அடுத்து, நீரிலும் அம்பர்ப் பொடி தூவி அவ்வோட்டத்தைத் தெளிவாகக் கண்டார்.

உண்மை வெளிப்பட்டது. சூடேறிய நீர் விரிந்து இலேசாகி மேலெழுகின்றது. குளிர்ந்த நீர் கனத்துக் கீழிறங்கி, அதன் இடத்தை நிரப்புகின்றது. இறங்கிய நீரும் சூடேறி எழுகின்றது. இவ்வாறு நீர் தானே வெப்பத்தைச் சுமந்து திரிகின்றது. கூழும் கஞ்சியும் இவ்வோட்டத்தைத் தடுப்பதால் அவை விரைவில் ஆறுவதில்லை. கம்பளியும் மயிரும் தம்மிடையே காற்றைப் பிடித்து நிறுத்துவதாலேயே உடல் வெம்மையைக் காக்கின்றன என்பதையும் அவர் ஆய்ந்து காட்டியிருந்தார். வெப்பம் பற்றிய ஆய்வுகளுக்காக 1792இல் அரச கழகம் காப்லிப் பதக்கத்தை அவருக்கு அளித்தது.

இங்கும் அவர் ஒரு பிழை செய்தார். ஓடாத நீர் வெப்பத்தைச் சிறிதும் கடத்தாது என்று முடிவு கட்டினார். மிகக் குறைவாகக் கடத்தும் என்பதே உண்மை. பின்வந்தோர் இதனைத் திருத்தினர். ஆயினும் அவர் கண்ட நீரோட்டமே வெப்பச் சலனம் என்னும் பாடத்திற்கு வித்தாயிற்று.

பீரங்கியில் கொதித்த நீர்

வெப்பம் என்பது யாது? அந்நாளைய அறிஞர் பலர் அதனைக் கண்ணுக்குத் தெரியாத ஒருவகைப் பொருள் என்று எண்ணினர். பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் இலவோசியர் அதனைக் கலோரிக் என்று பெயரிட்டுத் தனிமங்களுள் ஒன்றாகவும் வைத்தார். ஒரு பொருள் சூடாவது அதனுள் கலோரிக் புகுவதால்; ஆறுவது அது வெளியேறுவதால் என்பது அவர்தம் கொள்கை.

முனிச்சு நகரப் படைக்கலச் சாலையில் பித்தளைப் பீரங்கிகளைத் துளையிடும் வேலையை இரம்போர்டு மேற்பார்த்தார். துளையிடும்பொழுது பீரங்கியும் அதிலிருந்து உதிரும் சிம்புகளும் மிகச் சூடாவதைக் கண்டார். தீ இல்லை; இச்சூடு எங்கிருந்து வந்தது? உலோகத்தினுள் ஒளிந்திருந்த கலோரிக் வெளிப்பட்டதாயின், அஃது என்றாவது தீர்ந்துபோக வேண்டும் அன்றோ?

அவர் ஒரு சோதனை செய்தார். உலோகத் துண்டு ஒன்றையும் அதனைத் தேய்க்கும் மழுங்கிய துளைக்கருவியையும் நீர் நிறைந்த மரப்பெட்டியினுள் அமைத்தார். நீரின் எடை ஏறத்தாழ 8½ கிலோகிராம். குதிரைகளைக் கொண்டு உலோகத்தைச் சுழற்றச் செய்தார். தொடக்கத்தில் நீரின் வெப்பநிலை 60 பாரன்ஹீட்டுப் பாகை. ஒரு மணி நேரத்தில் 107 பாகை. இரண்டு மணி நேரத்தில் 178 பாகை. இரண்டரை மணி நேரத்தில் நீர் கொதித்தது! சூழ நின்றோர் திகைத்தனர். விறகில்லை, கரியில்லை, தீப்பொறியும் இல்லை. குளிர்ந்த நீர் கொதிக்கின்றது. முதிர்ந்த அறிஞராகிய இரம்போர்டும் சிறுபிள்ளைபோல் மகிழ்ந்தார்.

தேய்க்கும்வரை சூடு குறையாமல் பிறந்துகொண்டே இருந்தது. எல்லையின்றி வரக்கூடிய ஒன்று பொருளாக இருத்தல் இயலாது. ஆதலின் வெப்பம் ஓர் இயக்கமே என்று அவர் துணிந்தார். இவ்வாராய்ச்சிக் கட்டுரை 1798ஆம் ஆண்டு சனவரியில் இலண்டன் அரச கழகத்தில் படிக்கப்பெற்றது. அறிஞருலகம் அதனை உடனே ஏற்கவில்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின், சேம்சு சூல் என்னும் அறிஞர் இவ்வளவு உழைப்புக்கு இவ்வளவு வெப்பம் என்று அளந்து காட்டிய பின்னரே இரம்போர்டின் முடிவு நிலைபெற்றது.

மனைக்கு வந்த அறிவியல்

அறிவு நூலோடு நின்றுவிடலாகாது. வீட்டினுள் வரவேண்டும் என்பது இரம்போர்டின் கொள்கை. குளிர்நாட்டு வீடுகளில் அறையின் சுவரில் கணப்படுப்பு இருக்கும். இலண்டன் நகரக் கணப்படுப்புகள் பெருவாய் திறந்து, வெப்பத்தைப் புகைபோக்கி வழியே வானுக்கு அனுப்பின. புகையை அறையினுள் விட்டன. இரம்போர்டு 1795, 1796ஆம் ஆண்டுகளில் அவற்றைத் திருத்தினார். புகைபோக்கியின் தொண்டையை நான்கு அங்குல அளவாகக் குறுக்கினார். அடுப்பின் பக்கச் சுவர்களைச் சாய்வாக அமைத்து, வெப்பம் அறையை நோக்கித் திரும்பி வீசச் செய்தார். புகை வெளியே சென்றது. வெம்மை உள்ளே நின்றது. ஒரு கொத்தரும் சில செங்கற்களும் இருந்தால் போதும். இலண்டனில் வீடு வீடாக இம்மாற்றம் பரவியது. தம் கண்டுபிடிப்புகளுக்கு அவர் தனியுரிமை கேட்கவில்லை. யாவரும் செய்துகொள்ளுமாறு அளவுகளோடு எழுதி வெளியிட்டார்.

நெருப்பு ஓரிடத்தில் எரிய, வெப்பத்தைக் குழாய் வழியே வேண்டும் இடத்துக்குக் கொண்டு செல்லலாம் என்பதையும் அவர் வற்புறுத்தினார். நீராவியைக் குழாய்களில் செலுத்தி நீரைச் சூடாக்கும் முறையைத் தொழிலாளர்க்கு விளக்கினார். 1799ஆம் ஆண்டு அவர் முயற்சியால் இலண்டனில் அரச நிறுவனம் என்னும் அறிவியல் நிலையம் தோன்றியது. அதன் சொற்பொழிவு மண்டபம் நீராவிக் குழாய்களால் வெம்மையூட்டப்பெற்றது. அம்மண்டபத்தில் அறிவியல் உரை ஆற்றுவதற்கு 1801இல் இளைஞர் அம்பிரி டேவியைத் தேர்ந்து அமர்த்தியவர் இரம்போர்டே. அந்நிறுவனத்திலேயே பின்னாளில் மைக்கேல் பாரடே என்னும் ஏழை இளைஞர் வந்து சேர்ந்து, மின்னியலின் தந்தையாய் விளங்கினார். தாம் ஏற்றிய விளக்கில் எத்தனை விளக்குகள் ஏற்றப்பெறும் என்பதை ஏற்றியவர் அறிவதில்லை.

வெம்மை இல்லாத வீடு

உலகத்தார் வீடுகளுக்கு வெம்மை தந்தவரின் வீட்டில் வெம்மை இல்லை. முதல் மனைவி 1792இல் அமெரிக்காவிலேயே இறந்தார். மகள் சாரா 1796இல் கடல் கடந்து தந்தையிடம் வந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவர். சில ஆண்டுகளில் மகள் தாய்நாடு திரும்பினார்.

1805ஆம் ஆண்டு இரம்போர்டு பாரிசு நகரில் மறுமணம் செய்துகொண்டார். மணமகள், பிரெஞ்சுப் புரட்சியில் கொல்லப்பட்ட இலவோசியரின் கைம்பெண் மேரி ஆன். கலோரிக் கொள்கையை நாட்டியவரின் மனைவியை அக்கொள்கையை வீழ்த்தியவர் மணந்தது ஊழின் விளையாட்டே போலும். அவ்வம்மையார் கல்வியிற் சிறந்தவர். விருந்தினர் சூழ வாழ்வதில் விருப்பமுடையவர். இரம்போர்டோ அமைதியையும் ஒழுங்கையுமே விரும்பினார். பிணக்கு வளர்ந்தது. ஒருநாள் அம்மையார் அழைத்திருந்த விருந்தினர் உள்ளே வாராதபடி இரம்போர்டு வாயிற்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். சினங்கொண்ட அம்மையார், அவர் அன்போடு வளர்த்த பூஞ்செடிகளின்மேல் கொதிநீரைக் கொட்டினார். 1809இல் இருவரும் பிரிந்தனர். நீரின் வெப்பத்தை நூறு வகையாக ஆராய்ந்தவர், அக்கொதிநீரின் வெப்பத்துக்கு மட்டும் மாற்றுக் கண்டாரல்லர்.

பாரிசை அடுத்த ஓத்தேல் என்னும் ஊரில் அவர் தனித்து வாழ்ந்தார். ஆராய்ச்சி மட்டும் நிற்கவில்லை. வெண்ணிறம் உடல் வெப்பத்தைக் குறைவாக வெளியிடும் என்று கருதி, குளிர்காலத்திலும் தலைமுதல் கால்வரை வெள்ளாடை உடுத்துத் தெருவில் சென்றார். கண்டோர் நகைத்தனர், அவர் பொருட்படுத்தவில்லை. மகள் சாரா மீண்டும் வந்து சிறிது காலம் உடனிருந்தார். 1814ஆம் ஆண்டு ஆகத்துத் திங்கள் 21ஆம் நாள் இரம்போர்டு காய்ச்சலால் உயிர் நீத்தார். தாம் நடந்து சென்று பாடம் கேட்ட ஆர்வர்டுக் கல்லூரிக்குத் தம் பொருளில் ஒரு பகுதியை எழுதிவைத்தார். முன்னர் 1796இலேயே வெப்பத்தையும் ஒளியையும் ஆராய்வோர்க்குப் பரிசளிக்க, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உள்ள இரு கழகங்களுக்குப் பெரும்பொருள் அளித்திருந்தார். மகள் சாரா தம் இறுதி முறியின் வழியே, ஆதரவற்ற சிறுமியர்க்குக் காங்கார்டில் ஓர் இல்லம் அமைய வழிசெய்தார்.

அவர் விட்டுச் சென்ற வெம்மை

நீரே வெப்பத்தைச் சுமக்கும் என்னும் உண்மை குளிர்நாட்டு வீடுகளை மாற்றியது. சூடான நீரைக் குழாயில் ஓட்டும் வழக்கம் இரம்போர்டுக்கு முன்னரே அங்கங்கே உண்டு. 1777இல் போன்மேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கோழிக்குஞ்சு பொரிக்க அதனைப் பயன்படுத்தினார். ஆயினும் அதன் காரணம் விளங்கிய பின்னரே, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மாளிகைகளுக்கும் மனைகளுக்கும் பரவிற்று. வீட்டின் கீழ்த்தளத்தில் ஒரு கொதிகலன் இருக்கும். அதில் சூடேறிய நீர் குழாய் வழியே மேலெழுந்து, ஒவ்வோர் அறையிலும் உள்ள இரும்புக் கலங்களில் பாய்ந்து, அறைக்கு வெம்மை தந்து குளிர்ந்து, மற்றொரு குழாய் வழியே கீழிறங்கிக் கொதிகலனை அடையும். தள்ளும் எந்திரமும் வேண்டா. சூடும் குளிர்ச்சியுமே நீரை ஓட்டும். பெரிய கட்டடங்களுக்கே பின்னாளில் எந்திரம் தேவையாயிற்று.

நம் நாட்டில் அறைக்குச் சூடு வேண்டுவதில்லை. குளிக்க வெந்நீர் வேண்டும். முதியோர்க்கும் பிள்ளை பெற்ற தாயர்க்கும் வெந்நீர் இன்றியமையாதது. தமிழ்நாட்டு வீடுகளில் முன்னாளில் விளங்கிய செப்புக் கொதிகலனை நோக்குக. அதன் நடுவே ஒரு குழாய், அக்குழாயினுள் கரி நெருப்பு, சுற்றிலும் நீர். வெப்பம் வெளியே போக வழியின்றி நீரையே சேர்கின்றது. சில கரித்துண்டுகளால் ஒரு வீட்டார் குளிக்க வெந்நீர் கிடைத்தது. பெயர் அறியப்படாத நம் கன்னார் கைவண்ணமும் இரம்போர்டின் ஆராய்ச்சியும் ஓரிடத்தில் வந்து கூடுவதை அதில் காணலாம்.

இக்காலத்தில் வீட்டு மாடிகளில் கதிரவன் வெப்பத்தால் நீரைச் சூடாக்கும் கலங்கள் உள்ளன. கீழே சாய்வாகக் கருநிறக் குழாய்கள், மேலே நீர்த்தொட்டி. குழாயில் வெயில் பட்டுச் சூடேறிய நீர் தானே தொட்டிக்கு ஏறுகின்றது. தொட்டியின் குளிர்ந்த நீர் தானே குழாய்க்கு இறங்குகின்றது. மாலை வரை இச்சுழற்சி நிற்பதில்லை. இரம்போர்டு சாளரத்து வெப்பமானியில் கண்ட அதே ஓட்டம் இது! கடலாடி வட்டத்தைச் சேர்ந்த வாலிநோக்கத்து உப்பளங்களில் கடல்நீரை வற்றச் செய்து உப்பு விளைவிப்பதும் அக்கதிரவனே. விறகு அரிதாகிய அந்நிலத்தில் வெயிலுக்கு மட்டும் பஞ்சமில்லை.

முடிவுரை

இரம்போர்டு குற்றமற்றவர் அல்லர். நாட்டாரை விட்டு நீங்கினார். மனைவி மக்களைப் பிரிந்தார். செருக்கும் அவரிடம் இருந்தது. ஆயினும், ஏழையின் அடுப்பைக் குனிந்து நோக்கிய பேரறிஞர் அவர். விண்மீனை ஆராய்தல் போலவே கஞ்சிக் கலத்தை ஆராய்தலும் அறிவியலே என்று உலகுக்குக் காட்டினார். வீணாகும் வெப்பத்தை மீட்டுக் குளிரில் நடுங்குவோர்க்கு அளிப்பது அறம் என்று செயலால் உணர்த்தினார்.

பனங்காட்டில் இன்றும் அடுப்பு எரிகின்றது. அதன் முன் அமர்ந்து புகையில் கண் கலங்கும் தாயின் துன்பத்தைக் குறைக்க, கற்றவர் கடமைப்பட்டுள்ளனர். அவ்வடுப்பை உற்றுநோக்கி, இதில் எவ்வளவு வெப்பம் வீணாகின்றது என்று வினவும் மாணவர் ஒருவர் அவ்வூர்ப் பள்ளியிலிருந்து எழுவாராயின், இரம்போர்டின் பணி அங்கே மீண்டும் தொடங்கும்.